மக்னோலியா வீட்டு மூலை நாற்காலி

மக்னோலியா வீட்டில் விருந்தாளியை ஒரு கணம்கூடத் தனியாக விடமாட்டார்கள். அந்தத் தெருவில் இருக்கிற எந்த மாணவிகள் சங்கத்து வீட்டிலும் சேர்க்கை வாரத்தில் அப்படித்தான். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த பெண்கள் அந்த வாரம் வீடு வீடாகப் போவார்கள்; எந்தச் சங்கம் எவளைச் சேர்த்துக்கொள்வது என்று அதில்தான் முடிவாகும். வந்திருக்கும் புதுப்பெண்ணோடு வீட்டுப்பெண் ஒருத்தி உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசுவாள். சற்று நேரத்தில் இன்னொருத்தி பின்னால் வந்து அவள் தோளைத் தட்டுவாள். தட்டப்பட்டவள் எழுந்து போக, தட்டியவள் அதே இடத்தில் உட்கார்ந்து பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். இதற்காகக் கோடை விடுமுறையின் கடைசி வாரங்களில் ஒத்திகை பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே பெண்தான் ஓயாமல் பேசுகிறாள் என்று தோன்றும்.

லேனி டக்கெட்டிடம் பேசிக்கொண்டிருந்தவளின் தோளையும் ஒருத்தி வந்து தட்டினாள். பேசிக்கொண்டிருந்தவள் லேனியைச் சந்தித்ததில் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். தட்டியவள் உட்காரவில்லை. லேனியின் தலைக்கு மேலே யாரையோ பார்த்துக் கையாட்டிக்கொண்டே அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

எதிரே காலி நாற்காலி. லேனி கையில் எலுமிச்சைச் சாறு இருந்த காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடம் முழுக்கப் பெண்கள்; எல்லோரும் ஒரே சமயத்தில் கத்திப் பேசினால்தான் ஒருத்திக்கு ஒருத்தி காதில் விழும் என்கிற அளவுக்கு இரைச்சல்; தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் வாசனைத் திரவியமும் ஆகஸ்ட் மாத வியர்வையும் சேர்ந்து தொண்டையைக் கரித்தன. பக்கத்தில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். லேனியும் சிரித்த முகமாகவே இருந்தாள். சிரிப்பை இறக்கினால் முடிந்தது கதை என்று சொல்லியிருந்தார்கள். பல் உலர்ந்து உதடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல்லின் மேல் லேசாக வாசலின் தடவிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தடவித்தான் இருந்தாள்.

காலி நாற்காலிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கழித்துவிட்டார்கள். முதல் நாளே, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே.

"இங்க வாயேன். அங்க ஒரே சத்தம்."

குரல் மாடிப்படிக்குக் கீழே இருந்த மூலையிலிருந்து வந்தது. அங்கே ஜன்னலை ஒட்டி, பாதி கூடத்தையும் பாதி தெருவையும் பார்த்தபடி போட்டிருந்த, உயரமான முதுகு வைத்த பச்சை வெல்வெட் நாற்காலி ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு முக்காலி. லேனிக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. எழுந்து போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் பெயர் கோரா ஜீன். மற்ற வீட்டுப்பெண்கள் எல்லோரும் ஒரே நீலத்தில் பாவாடை போட்டிருக்க, இவள் மட்டும் இடுப்பு இறுகிய வெளிர்மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். பெரிய பொறுப்பில் இருக்கிறவளாக இருக்கும் என்று லேனி நினைத்துக்கொண்டாள். மற்றவர்கள் கேட்ட மாதிரி எந்த ஊர், என்ன படிப்பு, எந்தத் தேவாலயம் என்று இவள் கேட்கவில்லை. புது ஊரில் ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்டாள். யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். யாருடனும் இல்லை என்று லேனி உண்மையைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், சேர்க்கை வாரத்தில் யாரும் உண்மை பேசுவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. கோரா ஜீன் அதே சிரிப்போடு தலையை ஆட்டினாள். இவளும் பல்லில் வாசலின் தடவியிருந்தாள். கொஞ்சம் தாராளமாகவே. பல் இடுக்கெல்லாம் அது மஞ்சளாகப் படிந்திருந்தது.

லேனி கவனித்த இன்னொரு விஷயம், கோரா ஜீனின் தோளைத் தட்ட யாருமே வரவில்லை. கூடம் முழுக்கப் பெண்கள் மாறி மாறி எழுந்து உட்கார, இந்த மூலையில் மட்டும் மணி அடிக்கிற வரைக்கும் ஒரே முகம். ஒரு வீட்டுக்கு உன்னைப் பிடித்துவிட்டால் பெரிய ஆள் ஒருத்தியை உன்னோடு உட்கார வைப்பார்கள், அவளை யாரும் தட்டமாட்டார்கள் என்று விடுதியில் பெண்கள் பேசிக்கொண்டதை அவள் கேட்டிருந்தாள்.

எந்த வீடு உசத்தி, எந்த வீடு மட்டம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. எல்லா வீடும் சமம் என்று மேடையில் ஒரு அம்மாள் மைக் பிடித்துச் சொன்னாள். அன்றைக்கு மதியத்துக்குள் எல்லாப் பெண்களுக்கும் வரிசை மனப்பாடம். உச்சியில் வெள்ளைத் தூண்கள் வைத்த மக்னோலியா வீடு. அடியில் தெருக்கோடியில் இருக்கிற செங்கல் வீடு. அதன் பெயரைச் சொன்னாலே பெண்கள் மூக்கைச் சுளித்துச் சிரித்தார்கள். நடுவில் இருக்கிற வீடுகள் உச்சியைப் பார்த்து ஏங்கிக்கொண்டும் அடியைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டும் இருந்தன. உடம்பு, முடி, குதிகால் உயர்ந்த ஷூ, சிரிப்பு, பரிந்துரைக் கடிதம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். இருந்துவிட்டு, நான் சும்மா இப்படியே பிறந்தேன் என்கிற மாதிரியும் இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணால் ஆகிற காரியமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவளை யார் சேர்ப்பார்கள்?

லேனியின் அம்மா வடக்கே டக்கெட்ஸ் மில் என்கிற சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டின் பழைய உறுப்பினர் ஒருத்தி பரிந்துரை எழுதித் தந்தால் நல்லது. அம்மா காலையில் பேருந்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, பிள்ளையை ஏற்றிவிட வரும் சீமாட்டிகளிடம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள். அதை நினைத்தால் லேனிக்கு இப்போதும் கன்னம் எரியும். சாயங்காலம் ஆனால் அம்மாவிடமிருந்து செய்தி வந்துவிடும். வெள்ளை வீடு என்னாச்சு குருவி? குருவி என்றுதான் அம்மா அவளைக் கூப்பிடுவாள்.

அன்று அறைக்கு வந்ததும் அறைத்தோழி பெய்டனிடம் மக்னோலியா வீட்டில் தனக்கு நன்றாகப் போனது என்று லேனி சொன்னாள். பெய்டனின் அம்மாவும் அத்தைகளும் மக்னோலியா வீட்டுப் பெண்கள். அவளுக்கு அந்த வீட்டுக்குள் போவது சொந்த வீட்டுச் சமையலறைக்குள் போவது மாதிரி. அவள் கண் இமையில் ஒட்டியிருந்த பொய் இமைமுடியைப் பிய்த்துக்கொண்டே கண்ணாடி வழியாக லேனியைப் பார்த்தாள்.

"நல்லாப் போச்சா? நீ அந்த மூலையில தனியா உக்காந்து சுவத்தைப் பாத்து சிரிச்சுட்டு இருந்த. எனக்கே பாவமாப் போச்சு."

"கோரா ஜீன் கூடப் பேசிட்டிருந்தேன்."

"யாரு?"

பெய்டன் அதற்குமேல் கேட்கவில்லை. அம்மாவோடு போன் பேச வராந்தாவுக்குப் போய்விட்டாள். பொறாமை என்று லேனி முடிவு கட்டினாள். நாற்காலியின் முதுகு மறைத்திருக்கும், கோரா ஜீன் அவள் கண்ணில் பட்டிருக்கமாட்டாள். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, தான் உட்கார்ந்திருந்தது முதுகே இல்லாத முக்காலி என்பதும், கோரா ஜீனின் முகம் கூடத்தைப் பார்த்து இருந்தது என்பதும் மெல்ல நினைவுக்கு வந்தன. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் போனில் வீடுகளின் பதில் வந்தது. ஏறக்குறைய எல்லா வீடுகளும் அவளைக் கழித்திருந்தன. செங்கல் வீடு அழைத்திருந்தது. அதன் கீழே, மக்னோலியா வீடு.

சேர்க்கைக்கு வரும் பெண்களை மேய்க்கிற அக்காக்கள் என்று சிலர் உண்டு. அந்த வாரம் முழுக்க அவர்கள் தாங்கள் எந்தச் சங்கம் என்று சொல்லக்கூடாது; தங்கள் தோழிகளோடும் பேசக்கூடாது. லேனியின் கூட்டத்துக்கு ஹாலி என்கிற மூன்றாம் ஆண்டுப் பெண். தோளில் தொங்கும் பையில் பிளாஸ்திரி, ஊக்கு, கண்ணீர் துடைக்கிற காகிதம் எல்லாம் வைத்திருப்பாள். லேனி போனைக் காட்டியதும் அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"மக்னோலியாவா? சரியாப் பாத்தியா கண்ணு?"

பார்த்தாயிற்று. ஹாலி போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் சொன்னால் சரிதான் என்று கொடுத்துவிட்டாள். பிறகு லேனியின் குதிகாலில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்துக் குனிந்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். அந்த ஊருக்கு வந்த பிறகு லேனியை ஒருவர் தொட்டது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

செங்கல் வீட்டுக்குப் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே கதவில் நின்று பாட்டுப் பாடிய பெண்கள் ஒருத்திக்கொருத்தி சுருதி சேராமல் பாடினார்கள். லேனியோடு உட்கார்ந்தவள் மார்னி என்கிற பருத்த பெண்; ஒத்திகையில் கத்தியே அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. லேனி ஷூவைக் கழற்றிவிட்டு உட்காரலாமா என்று தயங்கிக் கேட்க, மார்னி தன் ஷூவையும் கழற்றி மேஜைக்கடியில் தள்ளினாள். இரண்டு பேரும் வெறுங்காலோடு உட்கார்ந்து, அம்மாவின் பேருந்தில் ஒரு பையன் பையில் கோழிக்குஞ்சை மறைத்துக் கொண்டுவந்த கதையைப் பேசிச் சிரித்தார்கள். மார்னியின் தோளைத் தட்ட ஒருத்தி வந்தாள். மார்னி அவள் கையைப் பின்னால் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். வெளியே வந்த பிறகுதான், இவ்வளவு நேரம் வயிறு இறுகாமல் இருந்ததை லேனி உணர்ந்தாள். உணர்ந்து என்ன செய்ய, அது தெருக்கோடி வீடு.

மக்னோலியா வீட்டில் அன்றும் அவளை அழைத்துப்போக யாரும் கை நீட்டவில்லை. ஒவ்வொரு புதுப்பெண்ணின் கையையும் ஒரு வீட்டுப்பெண் கோத்துக்கொண்டு உள்ளே போக, லேனி கடைசி ஆளாகத் தானே நடந்து போனாள். கோரா ஜீன் அதே நாற்காலியில், அதே மஞ்சள் கவுனில், கைகளை மடியில் அதே மாதிரி வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரு வாசனை. வெகுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி பழைய பவுடரும் ஈரத் துணியும் கலந்த வாசனை. உதட்டோரம் இரண்டு பக்கமும் வெடித்து, வெடிப்பு கறுத்திருந்தது. இருந்தும் சிரிப்பு இறங்கவில்லை.

இந்த முறை கேள்விகள் இன்னும் நெருக்கமாக இருந்தன. அம்மா எப்படிச் சிரிப்பாள்? கோபம் வந்தால் என்ன செய்வாள்? உன்னை எப்படிக் கட்டிக்கொள்வாள்? நடக்கும்போது நீ எந்தக் காலை லேசாக இழுக்கிறாய்? லேனி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கேட்க ஆளில்லாமல் நாள் கணக்காகத் தேங்கிக் கிடந்த பேச்சு, அணை உடைத்துக்கொண்டு வந்தது. நடுவில் கோரா ஜீன் ஒன்று கேட்டாள்.

"வீட்ல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"குருவின்னு."

"குருவி," என்று கோரா ஜீன் சொல்லிப் பார்த்தாள். இன்னும் ஒரு முறை சொன்னாள், குரலைக் கொஞ்சம் மாற்றி. லேனிக்குக் கை மயிர் சிலிர்த்தது. அது அம்மாவின் குரல் இல்லை. தன் குரல் மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் தெருவில் நடந்து வரும்போது அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். விருந்து முடிந்து விளக்கணைத்துவிட்டார்கள். வீட்டுப்பெண்கள் எல்லோரும் பின்கட்டில் கூட்டம் போட்டுப் புதுப்பெண்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த சத்தம் தெருவரை கேட்டது. இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக ஒரு மஞ்சள். கூட்டத்துக்குப் போகாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறாள்? லேனி அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கப் பார்த்தாள். கிடைக்கவில்லை. வேகமாக நடந்தாள்.

கடைசிச் சுற்று சனிக்கிழமை, அந்திக்கு மேல். புதுப்பெண்கள் கறுப்பு உடையில் போக வேண்டும். அம்மா தன் கறுப்பு கவுனைச் சுருக்கி விளிம்பு மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள்; ஒரு பக்கம் அரை விரல் இறக்கம். அன்று எந்த வீட்டிலும் பாட்டு, கைத்தட்டல் கிடையாது. மெழுகுவர்த்தி, மெல்லிய பேச்சு, அழுகை. வீட்டுப்பெண்கள் புதுப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வீடு இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று கண்ணீர் விட வேண்டும். அதற்கும் ஒத்திகை உண்டு. அது முடிந்து வெளியே வந்ததும் போய் உட்கார்ந்து, எந்த வீடு வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுத்துவிட வேண்டும். ஹாலி அன்று மதியமே ஒவ்வொருத்தியையும் நிறுத்திச் சொல்லியிருந்தாள். பெரிய வீட்டு ஆசையில் ஒரே வீட்டை மட்டும் போட்டு மற்றதை விட்டுவிடாதே. வருஷா வருஷம் யாராவது ஒருத்தி செய்கிற தப்பு அது. அந்த வீடு கைவிட்டால் உனக்கு வீடே இல்லை.

முதலில் செங்கல் வீடு. மார்னிக்கு அழுகையே வரவில்லை. தொண்டை இன்னும் கட்டியிருந்தது. மெழுகு சொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டு ஊதினாள்.

"எழுதிக் குடுத்த பேச்சு ஒண்ணு இருக்கு. எனக்கு மறந்துபோச்சு. நீ வேற வீட்டுக்குப் போனாலும் என்னைப் பாத்தா பேசு, என்ன? ஆனா இங்கயே வந்துடுடீ."

லேனி தலையாட்டினாள். அந்தக் கணம் அவளுக்கு அந்த வீடு போதும் என்று தோன்றியது உண்மை. படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் பையில் போன் அதிர்ந்தது. அம்மா. இன்னிக்குத்தான் கடைசியா குருவி? எல்லாரும் கேக்கறாங்க. அந்தச் சீமாட்டிகள் பேருந்துக் கதவருகே நின்று, எந்த வீடு கிடைத்தது என்று கேட்பதும், அம்மா தெருக்கோடி வீட்டின் பெயரைச் சொல்வதும் லேனியின் கண்முன் வந்தன. வெள்ளைத் தூண்களை நோக்கி நடந்தாள்.

மக்னோலியா வீட்டுக் கதவு திறந்தது. கறுப்பு உடைப் பெண்களை வெள்ளை உடைப் பெண்கள் ஒவ்வொருவராகக் கைபிடித்து அழைத்துப்போனார்கள். லேனியைத் தாண்டி. லேனியைச் சுற்றிக்கொண்டு. கதவு சாத்துவதற்குள் அவள் தானே நுழைந்துகொண்டாள்.

உள்ளே குளிர்ந்திருந்தது. நூற்றுக்கணக்கான மெழுகுச் சுடர்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் விசும்பல், மூக்குறிஞ்சல். பெய்டனின் காலடியில் ஒருத்தி மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள். லேனி பெய்டனைப் பார்த்துக் கையை லேசாக உயர்த்தினாள். பெய்டனின் கண் அவள்மேல் பட்டு, நிற்காமல், பின்னால் இருந்த சுவருக்குப் போனது.

மூலையில் மெழுகுவர்த்தி இல்லை. கோரா ஜீன் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பல் மட்டும் தெரிந்தது.

"கடைசி நாள்," என்றாள்.

லேனி முக்காலியில் உட்கார்ந்தாள். அதை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள். பயமா ஆசையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. "என்னை எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டாள்.

"உனக்கு இந்த வீடு வேணுமா?"

"வேணும்."

"வேற எந்த வீடும் வேண்டாமா?"

வெறுங்காலோடு உட்கார்ந்து சிரித்தது நினைவுக்கு வந்தது. மார்னி கையை ஊதிக்கொண்டது.

"வேண்டாம்."

"அப்ப என் தோளைத் தட்டு."

லேனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நெஞ்சுக்குள் ஏதோ பொங்கி வந்தது. வீட்டுப்பெண்கள்தான் தட்டுவார்கள். வீட்டுப்பெண்கள் மட்டும்தான். தட்டச் சொல்கிறாள் என்றால், சேர்த்தாயிற்று என்று அர்த்தம். வரிசை கொடுக்கும் முன்பே, மற்ற எல்லோருக்கும் முன்பே. எழுந்து நாற்காலியைச் சுற்றி அவள் பின்னால் போனாள்.

பின்னால் போன பிறகுதான் பார்த்தாள். கோரா ஜீனின் கொண்டை ஸ்ப்ரே அடித்து அடித்துக் கெட்டியாகியிருந்தது. அதன்மேல் தூசி, ஜன்னல் விளிம்பில் படிகிற மாதிரி கனமாக. கொண்டை ஊசிகள் துருப்பிடித்து, துரு கழுத்துவரை வழிந்து காய்ந்திருந்தது. வெல்வெட் அவள் உடம்பின் வடிவத்தில் தேய்ந்து, முதுகும் துணியும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. கழுத்து அசையவில்லை. மூச்சு விடுகிற மாதிரியும் இல்லை.

ஓடிவிடலாம். கதவு பக்கத்தில்தான்.

கதவுக்கு வெளியே தெரு. தெருவில் தனியாக. போன். அம்மா. அப்புறம் சாப்பாட்டுக் கூடத்தில் தனி மேஜை, நாளைக்கு, நாளை மறுநாள், நாலு வருஷம்.

யாராவது ஒருத்தி திரும்பிப் பார்த்தால் போதும். லேனி கூடத்தைப் பார்த்தாள். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை.

கை நீண்டது.

தோள் எலும்பு. குளிர்ச்சி. தட்டினாள்.

கோரா ஜீன் மூச்சை விட்டாள். நீளமான மூச்சு. முடியவே முடியாது என்பது போல் வந்துகொண்டேயிருந்தது. முழங்கால்கள் மளமளவென்று நெட்டி முறித்தன. எழுந்தாள்.

லேனி எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில், வெளிர்மஞ்சள் துணியின் மேல். வெல்வெட் முதுகைப் பிடித்துக்கொண்டது. எழ வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் அந்த நினைப்பைக் கேட்கவில்லை. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை.

எதிரே நின்றவள் விரலால் பல்லின் மேல் படிந்திருந்ததை வழித்துப் போட்டாள். உதடுகள் மூடின. சிரிப்பில்லாத அந்த முகம் மிகவும் சின்ன வயது முகமாக இருந்தது. அவள் குனிந்து, அன்போடுதான், லேனியின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"என்னையும் இப்படித்தான் தனியா உக்கார வெச்சுட்டுப் போனாங்க. எனக்கு முன்னாடி இங்க இருந்தவதான் கூப்பிட்டுப் பேசினா. ரொம்ப நல்லாப் பேசினா. அவளை நான் தட்டினேன். அப்புறம் என்னைத் தட்ட ஒருத்தியும் வரல."

அவள் திரும்பி நடந்தாள். லேனி பார்த்தது தன் முதுகை. அம்மா தைத்த கறுப்பு கவுன், ஒரு பக்கம் அரை விரல் இறக்கம். குதிகாலில் ஹாலி ஒட்டிய பிளாஸ்திரி. இடது காலை லேசாக இழுத்து நடக்கிற நடை. கத்தினாள். தொண்டைக்குள் சத்தம் எதுவும் உருவாகவில்லை. வாசலில் ஹாலியின் குரல், இன்னும் யார் பாக்கி, லேனியா, வா கண்ணு என்று கூப்பிட்டது. வரேன் அக்கா என்று லேனியின் குரலே பதில் சொன்னது.

மெழுகுவர்த்திகளை அணைத்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெயில் வெள்ளையாக அடித்தது. புல்வெளி முழுக்கப் பெண்கள், பெற்றோர்கள், பலூன்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்ததும், கிடைத்த வீட்டின் பெயர் வைத்திருந்த உறையை எல்லோரும் ஒரே சமயத்தில் கிழித்தார்கள். கூச்சல் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. தங்களுக்குக் கிடைத்த வீட்டை நோக்கிப் பெண்கள் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். பெய்டன் மக்னோலியா வீட்டுப் படிகளில் ஏறினாள். மூலை நாற்காலியிலிருந்து லேனி ஜன்னல் வழியாகத் தன் உருவத்தைத் தேடினாள்.

அவள் இந்தப் பக்கமே வரவில்லை. ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டு, வெள்ளைத் தூண்களை ஏறெடுத்தும் பார்க்காமல், தெருக்கோடியை நோக்கி ஓடினாள். செங்கல் வீட்டு வாசலிலிருந்து மார்னி கத்திக்கொண்டே எதிரே ஓடிவந்து அவளை அப்படியே தூக்கிச் சுற்றினாள். அந்த ஓட்டத்தில் எவ்வளவு அவசரம் இருந்தது! எங்கே போக வேண்டும் என்று அவள் வருஷக்கணக்காக யோசித்து வைத்திருந்தவள்.

அம்மா வந்திருந்தாள். தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்கிற உடை, உதட்டுச் சாயம். குருவி என்று அம்மா கூப்பிட்ட குரல் மூடிய ஜன்னலைத் தாண்டியும் கேட்டது. அவள் சட்டென்று திரும்பினாள். அம்மா அவளை எப்படிக் கட்டிக்கொள்வாள் என்று தெரிந்தவளாகத் தலையைச் சரியாக அம்மாவின் மோவாய்க்குக் கீழே கொடுத்தாள். பிறகு இரண்டு பேரும் புல்வெளியில் நடந்து இந்த ஜன்னலுக்குக் கீழேயே வந்து நின்றார்கள். படம் எடுக்க இங்கேதான் மரம் அழகு.

"வெள்ளை வீடு இல்லேன்னு உனக்குக் கோவமாம்மா?"

"போடீ. எந்த வீடா இருந்தா எனக்கென்ன? நீ தனியாக் கெடக்கக் கூடாதுன்னுதான் அவ்ளோ பேர்கிட்டயும் போய் நின்னேன்."

அம்மா படம் எடுத்தாள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள், நேராக லேனியை. லேனி தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் திரட்டி முகத்துக்குக் கொண்டுவந்தாள். வந்தது சிரிப்பு மட்டும்தான்.

"உள்ள யாரோ ஒரு பொண்ணு உக்காந்து சிரிச்சுட்டே இருக்குது பாரு," என்றாள் அம்மா. தன் பேருந்தில் ஏறுகிற ஊரான் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி, கையை உயர்த்தி மெல்ல ஆட்டினாள்.

"அவங்க அப்படித்தான்மா. இந்தப் பக்கம் திரும்பி எடு, ஜன்னல் விழாது."

அம்மா திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குள் பெண்கள் திமுதிமுவென்று நுழைந்தார்கள். ஒரே கூச்சல், கட்டிப்பிடிப்பு. ஒருத்தி ஓடிவந்து கைப்பையை மூலை நாற்காலியில் எறிந்துவிட்டுப் போனாள். அது லேனியின் மடியில் விழுந்தது. இன்னொருத்தி அதன்மேல் தன் பையைப் போட்டாள். இன்னொருத்தி, ஈரச் சட்டை. பிறகு பூங்கொத்துகள், பலூன் கயிறுகள், கழற்றிய ஷூக்கள். குவியல் மார்புவரை வந்தது, மோவாய்வரை வந்தது. கடைசியாகப் பெய்டன் வந்தாள். கையில் அகலமான வைக்கோல் தொப்பி. மாட்ட இடம் தேடி அவள் கண் சுற்றியது. நாற்காலியின் உச்சியில், பைகளுக்கு மேலே, வாகாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. தொப்பியை அதில் கவிழ்த்து, விழாமல் இருக்கக் கண்வரை இழுத்துவிட்டு, தோழிகளிடம் ஓடினாள்.